மைனஸ் பவர் அதிகமுள்ள கண்ணுக்கு ரெட்டினா ஆபரேஷனா? முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

"ஆபரேஷன் சக்சஸ்" என்று டாக்டர் சொன்னதும் திருமங்கலத்திலிருந்து வந்திருந்த அத்தை கேட்டது, "அப்ப இனிமே சோடாபுட்டி வேணாம்ல?" என்றுதான். வேணும் அத்தை. ரெட்டினா, அதாவது கண்ணின் பின்சுவரில் படம் பதியும் மெல்லிய விழித்திரை, ஒட்டுவது ஒன்று, பார்வை திரும்புவது வேறொன்று.

மைனஸ் 6-ஐத் தாண்டிய கண் பெரும்பாலும் பின்பக்கமாக நீண்டுபோன கண். உள்ளே இருக்கும் ரெட்டினாவும் அதோடு சேர்ந்து இழுபட்டு மெலிந்து, எங்கேயாவது கிழிந்தால் அந்த வழியாக நீர் புகுந்து பிரிந்து வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு, ஏனென்றால் அந்த லேசர் முன்னாலுள்ள கருவிழியைத்தான் செதுக்குகிறது, கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது.

திடீரென்று கொசுக்கூட்டம் போலப் புள்ளிகள், ஓரத்தில் மின்னல், பக்கவாட்டில் கருப்புத் திரை: இதில் எது வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். நான் முதலில் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவரை மாற்றிக்கொண்டு நாலு நாளைத் தொலைத்தேன். 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனை 11 படுக்கையோடு தொடங்கிய மதுரை இது, ரெட்டினா டாக்டரைத் தேடிச் சென்னை பஸ் ஏற வேண்டியதில்லை. துணைக்கு ஒரு ஆள் போதும், சொட்டு மருந்து விட்ட கண்ணோடு மதுரை வெயிலில் தனியாக ரோட்டைக் கடக்க முடியாது.

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "மேக்குலா பிரிஞ்சிருச்சா?" என்பது. எழுத்தும் முகமும் பார்ப்பது ரெட்டினாவின் அந்த நடுப்பகுதியால்தான். அது பிரிவதற்குள் ஆபரேஷன் நடந்தால் பழைய பார்வையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிரிந்தபின் என்றால் ஒட்டினாலும் கொஞ்சம் மங்கலோ, கோடு வளைவதோ தங்கிவிடலாம். பொதுவாக ரெட்டினா விலகலில் ஒரே ஆபரேஷனில் 10 பேரில் 8, 9 பேருக்கு ஒட்டிவிடும். மைனஸ் கண்ணில் மேக்குலாவிலேயே ஓட்டை விழுந்து பிரிந்திருந்தால் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள், இரண்டாவது ஆபரேஷனுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, ரெட்டினா ஒட்டும்வரை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வைக்கப்போவது கேஸா, சிலிக்கான் ஆயிலா என்று கேளுங்கள். ஆயில் என்றால் சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு. கேஸ் வகையைப் பொறுத்து 2 வாரம் முதல் 2 மாதம் வரை இருந்து தானாகக் கரையும். கொத்தனாரின் ரசமட்டத்தில் ஆடும் குமிழி மாதிரி பார்வையின் அடியில் ஒரு கோடு தளும்பும், நாளுக்கு நாள் அது கீழே இறங்கும், மேலே உலகம் தெளியும். குமிழி முழுக்கப் போகும்வரை விமானம் கூடாது, கொடைக்கானலும் கூடாது. மேலே ஏற ஏற கேஸ் விரிந்து கண் அழுத்தம் எகிறி, உள்ள பார்வையும் போய்விடலாம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் கல்யாண வேன் என்றால் மொய்யை மட்டும் கொடுத்தனுப்புங்கள். இதற்கிடையில் வேறு ஆபரேஷன் வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் கண்ணில் கேஸ் இருப்பதை அவசியம் சொல்ல வேண்டும்.

குமிழி ரெட்டினாவை அழுத்தி நிற்கக் குப்புறப் படுக்கச் சொன்னால் அதுதான் பெரிய வேலை. பிளாஸ்டிக் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, முதுகுச்சாய்வின் மேல் துண்டை மடித்துப் போட்டு நெற்றியைச் சாய்த்துக்கொள்ளுங்கள், கழுத்து தப்பிக்கும். போனைத் தரையில் தாம்பாளத்தில் வைத்தால் சீரியலும் ஓடும். இட்லிதான் வசதி, சாம்பாரைக் குனிந்தபடி சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடுமையான வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அழுத்தம் ஏறியிருக்கலாம், நடுராத்திரி என்றாலும் போய்விடுங்கள்.

புதுக் கண்ணாடிக்கு அவசரப்படாதீர்கள், பவர் சில மாதம் ஆடும். கண்புரை சீக்கிரமே வருவது சகஜம்தான், அதை ஆபரேஷன் கெட்டுப்போனதாக நினைத்து அழ வேண்டாம்.

அப்புறம் அந்த இன்னொரு கண். அதிலும் ஓரம் மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம், சொட்டு மருந்தால் கண் பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள், அப்புறம் மற்றக் கண்ணை. நேற்றுவரை நேராக இருந்த கம்பி இன்று வளைந்து தெரிந்தால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காதீர்கள்.