பட்டறை இன்சூரன்ஸ்: பேங்க்குக்காக மட்டும் போட்டால் எங்கெல்லாம் இடிக்கும்

கோவை கணபதியிலோ அம்பத்தூரிலோ ஒரு லேத் பட்டறைக்குள் போய் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் பேங்க்லயே போட்டுட்டாங்க" என்று பதில் வரும். சிக்கலே அங்கேதான். பேங்க்குக்குத் தன் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்த மெஷினும் சரக்கும்தான் கணக்கு. சொந்தக் காசில் வாங்கிய பழைய மில்லிங் மெஷின், கம்ப்ரஸர், பேனல் போர்டு இதெல்லாம் அந்தப் பாலிசியில் இருக்கிறதா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அடுத்தது தொகை. பேலன்ஸ் ஷீட்டில் தேய்மானம் போக நிற்கும் மதிப்பை அப்படியே எடுத்துப் பாலிசியில் எழுதுவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு. பத்து வருஷம் ஓடிய விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மில்லிங் மெஷின்) புத்தகத்தில் நாலு லட்சம் காட்டும், அது எரிந்தால் அதே மாதிரி ஒன்றைப் புதிதாக இறக்க எவ்வளவு ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த விலைக்குத்தான் போட வேண்டும். 2021 ஏப்ரல் முதல், ஓரிடத்தில் உள்ள மொத்தச் சொத்து 5 கோடி வரை என்றால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற தீ பாலிசி, அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. இரண்டிலும் தொகை 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் விட்டுவிடுவார்கள். அதைத் தாண்டினால் விகிதப்படி வெட்டுதான். ஒரு கோடி சொத்துக்கு 60 லட்சம் போட்டு, தீயில் 10 லட்சம் போனால், கையில் வருவது 6 லட்சம். "நஷ்டமே பத்துதானே, நான் அறுபதுக்குப் போட்டிருக்கேனே" என்று நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

ஜாப் வொர்க் (அடுத்தவர் சரக்கில் கூலிக்கு வேலை) செய்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் ரேக்கில் அடுக்கியிருக்கும் பம்ப் காஸ்டிங் உங்களுடையது இல்லை, டெலிவரி சலானில் வந்தது. பாலிசியில் 'சொந்தச் சரக்கு' என்று மட்டும் இருந்தால் அதற்குப் பணம் வராது, ஆனால் சரக்கு அனுப்பிய பார்ட்டி உங்களிடம்தான் கேட்பார். அடுத்தவர் சரக்கு நம் பொறுப்பில் இருக்கிறது என்று தனியாகச் சொல்லி, தொகையோடு சேர்க்க வேண்டும். பிளேட்டிங்குக்கோ ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கோ வெளியே போன சரக்கும் அப்படித்தான்: அந்த முகவரி பாலிசியில் இல்லையென்றால் அங்கே நடந்ததற்கு உங்கள் பாலிசி முழுசாகப் பேசும் என்று நம்ப முடியாது.

அப்புறம் தீ பாலிசியை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் கிளெய்ம் கேட்பது. ஆப்பரேட்டர் ஆஃப்செட்டை (டூல் நிற்க வேண்டிய அளவை) மெஷினில் தப்பாக அடித்து, டூல் பொருளைப் பிடிக்கும் வைஸில் மோதி, சுழலும் ஸ்பிண்டில் போய்விட்டது என்றால் அது தீயும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஷார்ட் சர்க்யூட்டில் மோட்டாரை ஓட்டும் டிரைவ் மட்டும் கருகினாலும் அதே கதைதான். அந்தத் தீ பரவிப் பக்கத்து மெஷின் எரிந்தால் அதற்குக் கிடைக்கும், முதலில் கருகியதற்குக் கிடைக்காது. இதற்கு மெஷினரி பிரேக்டவுன் பாலிசி தனியாக வேண்டும். அதிலும் இன்சர்ட், டை போன்ற தேயும் சாமான்கள் வராது.

வெறும் டர்னிங், டிரில்லிங் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நடுவில் ஒரு பெயின்டிங் பூத்தையும் தின்னர் டிரம்களையும் கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு. வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கத்தான் செய்யும். முன்கூட்டியே எழுத்தில் சொல்லி என்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தக் குறிப்பு) வாங்குங்கள், பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

ஆட்கள் விஷயத்தில் 'இஎஸ்ஐ (அரசின் தொழிலாளர் காப்பீடு) இருக்கே' என்ற தைரியம் பாதிதான் சரி. 2017இல் அதில் சேர்வதற்கான மாதச் சம்பள வரம்பை 21,000 ரூபாய் ஆக்கினார்கள். வரம்புக்கு மேல் வாங்கும் சீனியர் செட்டர் பிரஸ்ஸில் விரலை விட்டால் இழப்பீடு உங்கள் தலையில். பத்துப் பேருக்கும் குறைவான, இஎஸ்ஐக்குள்ளேயே வராத பட்டறைக்கு எல்லோருக்குமே இதுதான் நிலைமை, தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி இல்லாமல் ஓட்டக் கூடாது.

வெள்ளம் வந்த பிறகு நடக்கும் தவறு வேறு மாதிரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்ததும் மோட்டாரைக் கழற்றி, துருப்பிடித்த சரக்கை ஸ்கிராப்புக்குப் போட்டுவிட்டால் சர்வேயர் எதைப் பார்த்து எழுதுவார்? முதலில் கம்பெனிக்குத் தகவல், தண்ணீர் நின்ற மட்டம் தெரிகிற மாதிரி போட்டோ, அப்புறம்தான் கழற்றல்.

ஜிஎஸ்டி பலருக்குக் கடைசியில்தான் உறைக்கும். அழிந்துபோன சரக்குக்கு எடுத்த ஐடிசியை, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்குக் கிடைத்த வரவை, திருப்பிக் கட்ட வேண்டும், சட்டத்தின் 17(5)(எச்) அப்படித்தான் சொல்கிறது. சரக்குத் தொகையில் ஜிஎஸ்டியைச் சேர்ப்பதா என்று ஆடிட்டரையும் ஏஜென்ட்டையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, அப்புறம் ரெனியூவல் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.