பாறைப் பாதை ட்ரக்கை ப்ரொபேனுக்கு மாற்றுவது எப்படி

கலிஃபோர்னியாவின் ரூபிகான் மாதிரிப் பாறைப் பாதைகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஒதுங்கி எஞ்சின் திணறும். ப்ரொபேன் கேஸுக்கு அந்தக் கிண்ணமே கிடையாது. பழைய செவ்ரோலே 350 வி8 எஞ்சின் வைத்திருந்தால் தைரியமாக மாற்றலாம்.

முதலில் டாங்க். பார்பிக்யூ சிலிண்டர் வேண்டவே வேண்டாம், அது ஆவியைத் தருவது. நமக்குத் திரவமாகத் தரும் ஃபோர்க்லிஃப்ட் சிலிண்டர்தான் வேண்டும். படுக்கவைக்கும்போது அதன் வளையத்திலுள்ள துளை தாங்கியின் ஊசியில் சரியாக உட்கார வேண்டும், அப்போதுதான் உறிஞ்சு குழாய் திரவத்துக்குள்ளும் பாதுகாப்பு வால்வு மேலே ஆவியிலும் இருக்கும். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது.

அடுத்து லாக்-ஆஃப் வால்வு. எஞ்சின் நின்றதும் கேஸை அடைப்பது இதுதான், இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அப்புறம், திரவத்தை ஆவியாக்கும் கன்வெர்ட்டர்: ப்ரொபேன் ஆவியாகும்போது இது பனி பிடித்து உறைந்துவிடும், அதனால் எஞ்சின் கூலன்ட்டை இதன் வழியாக ஓடவிட்டு, காற்று சிக்காமலிருக்க ரேடியேட்டரின் மேல்மட்டத்துக்குக் கீழே பொருத்துங்கள். கார்புரேட்டர் இருந்த இடத்தில் கேஸைக் காற்றோடு கலக்கும் இம்ப்கோ 425 மிக்ஸர் உட்காரும்.

ப்ரொபேனின் ஆக்டேன் 100க்கு மேல் என்பதால் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) மறுபடி அமைக்க வேண்டும். மைலேஜ் ஏறக்குறைய கால்வாசி குறையும், சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கடுகளவு குமிழி வந்தாலும் சாவியைத் தொடாதீர்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். உரிமம் பெற்ற கேஸ் மெக்கானிக் ஒருவர் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.