படுக்கையில் கிடப்பவருக்குப் புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பக்கவாதத்தில் படுத்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குப் பெரிய தலைவலி படுக்கைப்புண். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்: மல்லாக்க, இடது, வலது. முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை, குதிகால் மெத்தையில் படாதபடி. இழுத்து நகர்த்தினால் தோல் உரியும். இரண்டு பேராக விரிப்போடு தூக்குங்கள்.

உடம்பு துடைக்கும்போது தினமும் வால் எலும்பு, இடுப்பு, குதிகாலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் 3 விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்துச் சிவந்தால் தப்பித்தீர்கள். வெளுக்கவில்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சூட்டையும் கெட்டிப்பையும் தொட்டுத்தான் அறிய வேண்டும். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்ப்பது பாசம்தான், ஆனால் உள்ளே சதை நைந்துபோகும். காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த்தணிப்பு (வலி, வேதனையைக் குறைக்கும் பராமரிப்பு), இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) இரண்டும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சீழ், நாற்றம், காய்ச்சல் கண்டால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.