தமிழ்ச் சொல்லின் வரிசைமாற்றங்கள் எல்லாவற்றையும் பைதனில் எடுப்பது

"யாழ்ப்பாணம்" என்ற சரத்தின் (எழுத்துக்குறிகளின் தொடர்) நீளத்தைப் பைதனிடம் கேட்டால் 11 என்று சொல்லும். விரல்விட்டு எண்ணினால் யா, ழ், ப், பா, ண, ம் என்று ஆறு எழுத்துத்தான். யூனிகோட்டில் அரவும் (ா) குற்றும் (மெய்யின் மேற்புள்ளி) தனித்தனிக் குறிகள். சரத்தை அப்படியே, வரிசைமாற்றம் எடுத்துத் தரும் பைதன் நூலகமான இட்டர்டூல்ஸிடம் கொடுத்தால், ஆறு எழுத்துக்கு 720 வரவேண்டிய இடத்தில் 39,916,800 வரும். அவற்றுள் பல, முன்னால் மெய் இல்லாமல் அரவோ குற்றோ தொடங்கி, புள்ளிவட்டத்தோடு நிற்கும்.

ஆகவே முதலில் எழுத்தாகப் பிரியுங்கள். கொம்பும் அரவும் சேர்ந்த "கொ" இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். சரத்தை என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்கு மாற்றிவிட்டால் ஒன்றாகிவிடும். பிறகு ஒவ்வொரு குறியாகப் பாருங்கள்: அதன் யூனிகோட் வகைப் பெயர் சேர்குறிகளுக்குரிய "எம்" இல் தொடங்கினால் பட்டியலின் கடைசித் துண்டோடு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் புதுத் துண்டு. இதற்குப் பைதனின் யூனிகோட் நூலகத்திலுள்ள "கம்பைனிங்" சார்பை நம்பவேண்டாம். குற்றுக்கு 9 தரும், அரவுக்கு 0 தரும். பலர் இடறுவது இங்கேதான். "க்ஷ" இந்த முறையில் க், ஷ என்று இரண்டாகும். ஒன்றாக வேண்டுமானால் தனியே ஒட்டுங்கள்.

எழுத்துகள் எல்லாம் வெவ்வேறென்றால் அந்தப் பட்டியலை இட்டர்டூல்ஸிடம் கொடுத்தாலே போதும். "மாம்பழம்" அப்படியல்ல: ஐந்து எழுத்து, ம் இரண்டு தரம். 5!/2! = 60 தான் சரி, இட்டர்டூல்ஸ் 120 தரும். ஒரே மாதிரியானவற்றை ஒருமுறை மட்டும் வைக்கும் செட்டில் போட்டு வடிகட்டலாம். ஆனால் நீண்ட சொல்லுக்கு நினைவகம் தாங்காது. தன்னைத்தானே அழைக்கும் சார்பு எழுதுவதே நல்லது:

1. பட்டியலை வரிசைப்படுத்துங்கள்.
2. பாவிக்காத எழுத்தொன்றை எடுத்துப் பாதையில் (இதுவரை தெரிந்த எழுத்துகளின் பட்டியல்) சேர்த்து, பாவித்ததாகக் குறித்து, சார்பை மீண்டும் அழையுங்கள்.
3. எழுத்தைச் சேர்க்குமுன் பாருங்கள்: பட்டியலில் அதற்கு முந்திய இடத்திலும் அதே எழுத்து இருந்து, அது பாவிக்கப்படாமல் இருந்தால் இதைத் தாண்டுங்கள்.
4. திரும்பி வந்ததும் எழுத்தைப் பாதையிலிருந்து எடுத்து, பாவித்ததென்ற குறியை அழியுங்கள்.
5. பாதை நிறைந்தால் உடனே சரமாக இணைத்து வெளியிடுங்கள்.

"மாம்பழம்" கொடுத்து 120 வந்தால் முதலாம் அல்லது மூன்றாம் படி தவறியிருக்கும். ஒன்றே ஒன்று வந்தால் குறியை அழிக்க மறந்திருக்கிறீர்கள். அறுபதும் வெற்றுப் பட்டியல்களாக இருந்தால், பாதையின் பிரதியைச் சேமிக்காமல் பாதையையே சேமித்திருக்கிறீர்கள்.

பன்னிரண்டு வெவ்வேறு எழுத்தென்றால் 479,001,600; பட்டியலில் சேர்க்காமல் "யீல்ட்" கொண்டு ஒவ்வொன்றாக வெளிவிடுங்கள். வரும் ஒழுங்கு தமிழ் அகராதி ஒழுங்கல்ல: யூனிகோட்டில் ன, ந வுக்கு அடுத்தும் ற, ர வுக்கு அடுத்தும் நிற்கின்றன. அகராதி ஒழுங்கு வேண்டுமானால் உங்கள் சொந்த எழுத்து வரிசையை முதலாம் படியில் கொடுங்கள்.