இருமலில் ரத்தம் வந்தால்: குடியாத்தத்திலிருந்து ஒரு மகன்

அப்பாவுக்கு டிபி குணமாகிப் பல வருஷம் ஆகிறது. வலது நுரையீரலில் தழும்பு மட்டும் மிச்சம், ஆனால் சிக்கல் அங்கேதான். மூச்சுக்குழாய்க்கு ரத்தம் தரும் சிறு தமனிகள் பெரும்பாலும் மகாதமனியிலிருந்து, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயிலிருந்து, கிளைப்பவை. நாள்பட்ட நோயில் அவை தடித்து, நுரையீரல் தமனியோடு புது இணைப்புப் போட்டுக்கொள்ளும். மகாதமனியில் அழுத்தம் 120 என்றால் நுரையீரல் தமனியில் 25 அளவுதான். அந்த இணைப்பில் உள்ள மெல்லிய சுவர்க் குழாய் எப்படித் தாங்கும்? வெடித்துவிடும்.

ரத்தம் வந்தால் பழுதான பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்கக் கூடாது. பக்கம் தெரியாவிட்டால் உட்கார வையுங்கள். விழுங்காமல் டம்ளரில் துப்பட்டும். எவ்வளவு என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். பெரியம்மா ஆடாதோடைக் கஷாயத்தோடு வருவார், அதெல்லாம் அப்புறம். அப்போது வாய்வழியாக எதுவும் வேண்டாம்.

சளியில் கீற்றாக வந்தாலும் அன்றே காட்டுங்கள். சில கரண்டிக்கு மேல் போனாலோ மூச்சுத் திணறினாலோ 108தான், வேலூர் பஸ்ஸுக்கு நிற்காதீர்கள். பழைய சிடி ஸ்கேன் படமும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் ஏறியதுமே சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, ரத்தம் கசியும் மூச்சுக்குழாய்த் தமனியை அடைப்பார்கள். பிறகும் ரத்தம் வரக்கூடும், அதனால் சளிப் பரிசோதனையையும் மறுபரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.