கல்ச்சர் அறிக்கையில் வரும் கிருமிப் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

சீழையோ சிறுநீரையோ கல்ச்சர் சோதனைக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுத்தால், அறிக்கையில் கிருமியின் பெயர் பெரும்பாலும் இரண்டு சொற்களாக வரும். முதற்சொல் பேரினத்தையும் அடுத்தது சிற்றினத்தையும் குறிக்கும். வாயில் நுழையாத பெயராகத் தோன்றினாலும், கிரேக்க, லத்தீன் வேர்கள் சிலவற்றை அறிந்தால் பிரித்துப் படித்துவிடலாம்.

முதற்சொல்லின் ஈற்றிலிருந்து தொடங்குங்கள். 'காக்கஸ்' என்று முடிந்தால் கிருமி உருண்டையானது. மணி, விதை என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. 'பேசில்லஸ்' என்றால் லத்தீனில் சிறு கோல். பாக்டீரியா என்ற பொதுப்பெயருக்கும் கிரேக்கத்தில் அதே பொருள்தான்.

ஈற்றுக்கு முன்னுள்ள பகுதி, கிருமிகள் எவ்வாறு சேர்ந்திருக்கின்றன என்பதைச் சொல்லும். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழை நுண்ணோக்கியில் பார்த்தபோது உருண்டைகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்ததால், திராட்சைக் குலையைக் குறிக்கும் 'ஸ்டாஃபிலே' என்ற கிரேக்கச் சொல்லைச் சேர்த்து 1882இல் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று பெயரிட்டார். அக்கிருமி வளரும்போது உண்டாகும் பொன்மஞ்சள் நிறத் திட்டுகளைக் கண்ட ஜெர்மானியரான ரோசன்பாக், 1884இல் 'ஆரியஸ்', அதாவது பொன்னிறமானது, என்பதைச் சேர்த்தார். வடிவம், அடுக்கு, நிறம் மூன்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடும் இதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரிந்து இல்லை. சங்கிலியாகக் கோத்திருப்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.

'எல்லா' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆட்பெயர். சால்மோனெல்லாவுக்கும் சால்மன் மீனுக்கும் தொடர்பில்லை. டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயர் அது. எஷரிச்சியா கோலை என்பதில் எஷரிச் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர். 'கோலை' என்றால் பெருங்குடலுக்குரியது.

இரண்டாம் சொல்லைப் படிக்கும்போதுதான் கவனம் தேவை. சிறுநீர் அறிக்கையில் கிளெப்சியெல்லா நிமோனியே என்று கண்டதும் நுரையீரலிலும் நோய் வந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அக்கிருமியை நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் முதலில் கண்டதால் வந்த பெயர் அது, சிறுநீர்ப் பாதையிலும் அது தொற்றும். உங்களுக்கு நோய் எங்கே என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

வைரஸ்களுக்கு இந்த முறை அவ்வளவாகப் பொருந்தாது. லத்தீனில் வைரஸ் என்றாலே நஞ்சு. 'நச்சுயிரி' என்ற தமிழ்ச்சொல் அதையொட்டியதே. கொரோனா மகுடத்தையும், எபோலா காங்கோ நாட்டு ஆறொன்றையும் குறிக்கும். புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியதால், பின்னர் வந்த கோவிட்-19 என்ற பெயரில் இரண்டுமே இல்லை.