கல்வெட்டை இணையத்தில் ஏற்றும் முன்: ஸ்டைலிலும் டேக்கிலும் விடும் தவறுகள்

இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சாகும் கல்வெட்டு (நினைவு நூல்), கோயில் மலர் என்று யாழ்ப்பாணத்தில் நிறைய வேர்டில் தட்டப்படுகிறது. அச்சில் அழகாகவே வரும். அதே கோப்பை இணையப் பக்கமாக்கப் போனால்தான் குறைகள் வெளியே தெரியும்.

பெரிய தவறு இதுதான்: தலைப்பைத் தெரிவுசெய்து, எழுத்தளவை 18 ஆக்கி, தடிப்பாக்கி, நடுவில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது. கண்ணுக்கு அது தலைப்பு, வேர்டுக்கோ சாதாரணப் பந்தி. வேர்டில் தலைப்புக்கென்றே இருக்கும் 'ஹெடிங் 1' ஸ்டைலை, அதாவது பெயரிட்ட வடிவமைப்பைக் கொடுத்தால்தான் தலைப்பென்று கோப்பில் பதியும். பொருளடக்கத்தை வேர்டே எடுத்துத் தரும், இணையப் பக்க மொழியான எச்.ரி.எம்.எல். ஆக மாற்றும்போது எச்1 டேக்காகவும் (இது முதல்நிலைத் தலைப்பு என்று சொல்லும் குறி) வரும். பார்வையற்றவர்கள் பாவிக்கும் திரைவாசிப்பான் தலைப்புக்குத் தலைப்பு தாவுவது அந்த டேக்கை வைத்துத்தான். இந்த ஒரு காரணமே போதும், ஸ்டைலைப் பழகிக்கொள்ள.

டேக் எழுதுபவர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. எழுத்துச் சிறிதாக வரட்டும் என்று எச்2 வரவேண்டிய இடத்தில் எச்4 போடுவார்கள். அளவைச் சொல்ல, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இருக்கிறது, எச்சுக்குப் பின்னால் வரும் எண் தலைப்பின் படிநிலைக்கு மட்டும்.

தேவாரத்தைத் தட்டும்போது ஒவ்வொரு அடிக்கும் என்டர் அழுத்தினால் நாலடிப் பாடல் நாலு பந்தியாகிவிடும். ஷிப்ட்டோடு என்டர் அழுத்துங்கள். பாடல் ஒரே பந்தியாக நிற்கும், இணையத்தில் பந்திக்குரிய ஒரு பி டேக்கும் உள்ளே அடி முறிக்கும் பிஆர் டேக்குகளுமாக வரும். இடைவெளிக்காக வெற்று என்டர்களை அடுக்குவதும் வேண்டாம். அதை ஸ்டைலிலேயே அமைக்கலாம்.

அப்புறம், ஸ்டைலும் டேக்கும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தும் என்று நம்பிவிடக்கூடாது. ஒரு பந்திக்கு ஒரு பந்தி ஸ்டைல்தான். டேக்குகளோ ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். பதிகத்தின் பெயர், பண், பாடல் மூன்றையும் சேர்த்து 'இது ஒரு தொகுதி' என்று சொல்லப் பந்தி ஸ்டைலில் வழியில்லை. மாற்றிய பிறகு நாமே செக்‌ஷன் டேக்குக்குள் வைக்கவேண்டும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பென்றால் எந்த ஸ்டைலும் காப்பாற்றாது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், தமிழ் உருவம் எழுத்துரு தருவது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஆனால் முழுக் கோப்பையும் யூனிகோடு மாற்றிக் கருவியில் ஒட்டாதீர்கள்: இறந்தவருடைய பிள்ளைகளின் லண்டன், ரொறன்ரோ முகவரிகள் ஆங்கிலத்தில் இருந்தால் அவையும் தமிழெழுத்துக் குழப்பமாகிவிடும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுங்கள்.